சாவி யாரிடம்? – கைப்பேசிப் பூட்டுகளின் சிறு வரலாறு

2012-இல் நான் படிவம் 3 படித்தேன். பி.எம்.ஆர். தேர்வு முடிந்ததும் அம்மா ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தார். கூலிமில் ஒரு போன் கடையில், செகண்ட் ஹேண்ட். ரவிக்கை தைத்துச் சேர்த்த காசு அது. அன்று இரவே ஒரு தமிழ் இணைய இதழைத் திறந்தேன். எழுத்து ஒன்றுகூட வரவில்லை. வரிசை வரிசையாகச் சதுரப் பெட்டிகள்தான் வந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி இது, கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்கு?” என்றார்.

அந்தக் காலத்து மலிவு போன்களை வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெட்டிகள் நினைவிருக்கும். அதற்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. ஓபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் ஒரு வரியை ‘ஆம்’ என்று மாற்றிவிட்டால் ஓபராவின் சர்வரே தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். வாசிக்கலாம். ஆனால் உலாவியைவிட்டு வெளியே வந்தால், குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் மறுபடி பெட்டிதான்.

சரியான தீர்வு என்னவென்று தேடினேன். ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பை போனின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஃபோல்டருக்குள் எழுத எனக்கு அனுமதி இல்லை. போன் எங்கள் வீட்டுடையது, ரசீது அம்மா பெயரில் இருக்கிறது, ஆனாலும் அனுமதி இல்லை.

போன் கடை அண்ணனிடம் போய்க் கேட்டேன். “ரூட் பண்ணணும் தம்பி. வாரண்டி போயிடும். செத்தாலும் செத்துடும். பரவாயில்லையா?” என்றார். செகண்ட் ஹேண்டுக்கு ஏது வாரண்டி? வீட்டுக்கு வந்து நானே செய்தேன். எழுத்துருவைப் போட்டதும் பெட்டிகள் போய் எழுத்து வந்தது. ஆனால் கொம்பு இடம் மாறி நின்றது. ‘கெ’ என்பதில் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் தொங்கியது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அந்தப் பழைய ஆண்ட்ராய்டுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. போனைத் தயாரித்த நிறுவனம் புதிய பதிப்பையும் தரவில்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் முகம் தெரியாத ஒருவர் அந்த மாடலுக்கென்றே கட்டிவைத்திருந்த சயனோஜென்மோட் கிடைத்தது. அதை ஏற்றிய பிறகுதான் கொம்பும் காலும் தங்கள் இடத்துக்கு வந்தன.

இதை வீரக்கதையாகச் சொல்லவில்லை. பதினைந்து வயதில் எனக்குள் ஒரு கேள்வி விழுந்தது. இந்தப் பூட்டை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள்? பிறகு பொறியியல் படித்து அதே துறையில் வேலைக்கும் வந்துவிட்டேன். கேள்வி போகவில்லை, கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

பூட்டு வந்த வழி

1981-இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியைக் கொண்டுவந்தபோது அதில் எந்த இயங்குதளத்தை ஏற்றலாம் என்று எந்தச் சில்லும் சோதிக்கவில்லை. 1991-இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தன் வீட்டு 386 கணினியில் சொந்தமாக ஒரு கருவை எழுதி ஓட்டிப் பார்த்ததும் அதனால்தான். ‘கையொப்பம் இல்லாத மென்பொருள், ஓடாது’ என்று அந்தக் கணினி சொல்லியிருந்தால் லினக்ஸ் பிறந்திருக்காது.

போன் வேறு வம்சம். அது தொலைபேசி நிறுவனங்களின் உலகத்திலிருந்து வந்தது. அலைவரிசையும் கட்டணமும் சிம்மும் அவர்களுடையவை. இருந்தும் நோக்கியாவின் சிம்பியன் போன்களில் முதலில் கையில் கிடைத்த செயலியை எல்லாம் ஏற்ற முடிந்தது. 2004-இல் காபிர் என்ற புழு வந்தது. புளூடூத் வழியாகப் பக்கத்துப் போனைத் தேடிப் பிடித்துப் பரவும். மறு ஆண்டு கம்வாரியர் வந்தது. அது எம்எம்எஸ் வழியாகத் தொடர்பு எண்களுக்குத் தானே கிளம்பிப் போகும், பில் மட்டும் போன்காரருக்கு வரும்.

சிம்பியனின் ஒன்பதாம் பதிப்பு இதற்குப் பதிலாக வந்தது. அதில் செயலிகளுக்குக் கையொப்பம் வேண்டும். எந்தச் செயலிக்கு எந்த அதிகாரம் என்று பிரித்துவைத்தார்கள். ஐபோன் சந்தைக்கு வருமுன்பே இது நடந்துவிட்டது. ஆகவே ‘ஆப்பிள்தான் எல்லாவற்றையும் பூட்டியது’ என்று சொல்வது சரியான வரலாறு இல்லை. பூட்டு வந்ததற்கு உண்மையான ஒரு பயம் காரணமாக இருந்தது. அந்தப் பயத்தோடு வேறு சில விஷயங்களும் சேர்ந்து உள்ளே வந்ததுதான் பிரச்சினை.

ஜூன் 29, 2007

அந்த ஒரே நாளில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. ஒன்று, முதல் ஐபோன். அமெரிக்கக் கடைகள் முன்னால் கூட்டம் வரிசை கட்டி நின்றது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றுக்கு வரிசை எதுவும் இல்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது.

அதற்கு முந்திய பதிப்பு 1991-இல் வந்தது. நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் மூல நிரலை மற்றவர்க்கும் கொடு என்பதே அதன் சாரம். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி இந்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. உள்ளே லினக்ஸ். மூல நிரலையும் கொடுத்தார்கள். ஆனால் அதை நீங்கள் மாற்றித் திரும்ப ஏற்றினால் கருவி ஓடாது. வன்பொருள் கையொப்பத்தைச் சோதிக்கும். வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டது போலத்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தத் தந்திரத்துக்கு ‘டிவோ-ஆக்கம்’ என்றே பெயர் வைத்தார். வீட்டுக் கருவிகளில் இந்த நிரலை வைத்து விற்பவர், மாற்றிய நிரலை அதே கருவியில் ஏற்றி ஓட்டுவதற்கான வழியையும் தர வேண்டும் என்று மூன்றாம் பதிப்பு சொன்னது. சாவி தேவையென்றால் சாவியையும் தர வேண்டும்.

லினஸ் இதை ஏற்கவில்லை. மென்பொருள் தன்னுடையது, வன்பொருளை எப்படி வடிவமைப்பது என்பது அதைச் செய்பவரின் விஷயம் என்பது அவர் நிலை. லினக்ஸ் கரு பழைய உரிமத்திலேயே நின்றது. அதே ஆண்டு நவம்பரில் ஆண்ட்ராய்டு அறிவிக்கப்பட்டது. உள்ளே இருப்பது அந்த லினக்ஸ் கரு.

இன்று நம் கையில் இருக்கும் போன்களின் கதை பெரிய அளவில் அங்கேயே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டின் அடித்தள நிரலை நீங்கள் இப்போதே இறக்கி வாசிக்கலாம். உங்கள் போனில் அதை மாற்றி ஓட்டலாமா என்பது வேறு ஒருவர் கையில். ‘திறந்த மூலம்’ என்ற சொல்லை என் விரிவுரையாளர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வரும்.

ஓட்டைகளின் காலம்

முதல் ஐபோனில் வெளியார் செயலிக்கே இடமில்லை. ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில்தான் வந்தது. பொறுமையில்லாதவர்கள் அதற்கு முன்பே பூட்டை உடைத்துச் செயலி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 2007 ஆகஸ்டில், 17 வயது ஜார்ஜ் ஹோட்ஸ் ஐபோனை ஏடி அண்ட் டி கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துக் காட்டினார். ஜே ஃப்ரீமன் 2008-இல் சிடியா என்ற மாற்றுக் கடையைத் திறந்தார். ஜெயில்பிரேக் செய்வது அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது என்று 2010 ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் விலக்கு அளித்தது.

2011-இல் ஜெயில்பிரேக்மீ என்று ஒரு இணையப் பக்கம் இருந்தது. ஐபோனில் அதைத் திறந்து ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், பூட்டு உடையும். பிடிஎஃப் கோப்பை வாசிக்கும் நிரலில் இருந்த ஓட்டைதான் வழி. யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தைத் திறந்ததும் போன் முழுக்க உங்கள் வசமாகிறது என்றால், வேறு ஒருவர் வசமும் ஆகலாம். ஆனால் அதே ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் ஜெயில்பிரேக் செய்தவர்களே சிடியாவில் வெளியிட்டார்கள். ஆப்பிளின் திருத்தம் வருவதற்குச் சில நாள் முன்பே. அந்தச் சில நாள்களுக்குப் பூட்டு உடைந்த போன், உடையாத போனைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

இதில் தமிழுக்கு நேரடியான ஒரு பங்கு உண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தை அறியாதவர் இங்கே குறைவு. ஐபோனில் ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் விசைப்பலகையாக நுழைய ஆப்பிள் 2014 வரை அனுமதிக்கவில்லை. செல்லினத்துக்குள் தட்டி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். 2013-இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையைத் தானே கொண்டுவந்தது. மறு ஆண்டு ஐஓஎஸ் 8 வெளியார் விசைப்பலகைக்குக் கதவைத் திறந்தது. ஆண்ட்ராய்டோ 2009-இலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாத ஆண்ட்ராய்டு தமிழில் தட்டச்சு செய்ய இடம் கொடுத்தது. தமிழைக் காட்டத் தெரிந்த ஐபோன் தட்டச்சுக்கு இடம் தரவில்லை. ஒரு சிறிய மொழி, பெரிய நிறுவனத்தின் பட்டியலில் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமா, தானே செய்துகொள்ளலாமா என்பதை இப்படிப்பட்ட கதவுகள்தான் முடிவு செய்கின்றன.

ஆண்ட்ராய்டிலும் முதல் ரூட் ஒரு ஓட்டையில்தான் பிறந்தது. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1. அதில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், உங்களுக்குத் தெரியாமலே, முழு அதிகாரம் கொண்ட ஒரு கட்டளை முனையத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘ரீபூட்’ என்று தட்டி என்டரை அழுத்தினால் போன் அணைந்து மறுபடி எழும். கூகுள் விரைவிலேயே திருத்தம் அனுப்பியது. பலர் வேண்டுமென்றே அந்தத் திருத்தத்தை ஏற்றவில்லை. தங்கள் போனுக்குத் தாங்களே எஜமானராக இருக்க, ஆபத்தான ஓர் ஓட்டையை அவர்கள் பாதுகாத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2009-இல் ஸ்டீவ் கோண்டிக் சயனோஜென்மோடைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டு திறந்தது, ஆனால் அதோடு வரும் ஜிமெயிலும் யூடியூப்பும் மார்க்கெட்டும் எங்கள் உடைமை, அவற்றைச் சேர்த்துக் கொடுக்காதே என்றது கடிதம். கோண்டிக் அவற்றை நீக்கிவிட்டுத் தொடர்ந்தார். 2016 இறுதியில் சயனோஜென் நிறுவனம் கடையை மூடியது. நிரலை எடுத்துக்கொண்டு சமூகம் லினியேஜ் என்ற பெயரில் இன்றும் நடத்துகிறது.

பூட்டே இல்லாமல் விற்கப்பட்ட போன்களும் இருந்தன. 2009-இல் வந்த நோக்கியா என்900-இல் ரூட் வேண்டுமென்றால் களஞ்சியத்திலிருந்து ஒரு சிறு நிரலை நிறுவினால் போதும், எதையும் உடைக்க வேண்டாம். 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் பக்கம் சாய்ந்தது. அந்த வழி பெரிய சாலையாகவில்லை.

எரிந்த கம்பி

நான் இப்போது பாயான் லெப்பாஸில் சில்லு சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் இயந்திரங்கள் செய்யும் வேலைகளில் ஒன்று ஃபியூஸ் எரிப்பது. சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இணைப்புகள் இருக்கும். குறிப்பிட்ட அளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால் அந்த இணைப்பின் தன்மை நிரந்தரமாக மாறிவிடும். பூஜ்ஜியம் ஒன்றாகும், ஒன்று மறுபடி பூஜ்ஜியம் ஆகாது. பெரும்பாலும் நல்ல காரணத்துக்காகவே இதைச் செய்கிறோம். சில்லின் அடையாள எண்ணைப் பதிப்பது, மின்னழுத்தத்தைச் சரிப்படுத்துவது மாதிரி.

இதே ஃபியூஸ்தான் போன்களில் பூட்டுக்கும் அடித்தளம். போன் எழும்போது முதல் நிரல் இரண்டாவதைச் சோதிக்கும், இரண்டாவது மூன்றாவதை. ‘யாருடைய கையொப்பத்தை நம்ப வேண்டும்’ என்ற தகவல் மாற்ற முடியாத இடத்தில் பதிந்திருக்கும். 2013-இல் சாம்சங் தன் நாக்ஸ் போன்களில் ஒரு ஃபியூஸ் வைத்தது. அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் அது எரியும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அந்தத் தழும்பு போகாது.

மென்பொருள் பூட்டில் என்றாவது ஓர் ஓட்டை கிடைக்கும். எரிந்த கம்பியில் கிடைக்காது. 2014 வாக்கில் கூகுள் சேஃப்டிநெட்டைக் கொண்டுவந்த பிறகு பூட்டின் குணமே மாறிவிட்டது. இப்போது பல போன்களில் பூட்லோடரைத் திறக்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் ‘இவன் திறந்தவன்’ என்று போன் மற்ற செயலிகளிடம் சொல்லிவிடும். வங்கிச் செயலி திறக்காது. தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016-இல் வெளியிட்ட மேஜிஸ்க், இதை மறைக்க வழி செய்தது. அங்கே தொடங்கிய ஒளிந்து விளையாட்டு இன்னும் முடியவில்லை. நான் ஒதுங்கிக்கொண்டேன். சம்பளம் வரும் வங்கிக் கணக்கை வைத்து விளையாடும் வயது போய்விட்டது.

அம்மாவின் போன்

2022-இல் ஒரு நாள் அம்மா வேலையிடத்துக்கே போன் செய்தார். குரல் சரியில்லை. வீடு சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்று முகநூலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் மரியாதையாகப் பேசி, “இந்த ஆப் போட்டா தள்ளுபடி கிடைக்கும் மேடம்” என்று ஒரு கோப்பை அனுப்பியிருக்கிறார்கள். அதை நிறுவப் போன் கேட்ட எல்லா அனுமதிக்கும் ‘சரி’ கொடுத்திருக்கிறார். பத்து ரிங்கிட் முன்பணம் கட்ட வங்கிப் பக்கம் மாதிரியே ஒரு பக்கம் திறந்தது. பெயரும் கடவுச்சொல்லும் அதில் போனது. வந்த டேக் எண்ணை அந்தச் செயலியே வாசித்துக்கொண்டது. தையலில் சேர்த்த நாலாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் காலி.

போலிஸ் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த இரவு, அம்மாவின் போனை வாங்கி, வெளியிலிருந்து செயலி நிறுவும் வசதியை ஒவ்வொன்றாக மூடினேன். பதினைந்து வயதில் எந்தக் கதவை உடைத்துத் தமிழைக் கொண்டுவந்தேனோ அந்தக் கதவைத்தான் மூடுகிறேன் என்று கை நிற்கும்போது புரிந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. “ஏன் தம்பி, இனிமே நான் எதுவும் ஏத்த முடியாதா?” என்று மட்டும் கேட்டார். “என்கிட்ட கேட்டுட்டு ஏத்துங்கம்மா” என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. எந்த நிறுவனமும் இதைத்தானே சொல்கிறது?

நாங்கள் மட்டுமில்லை. சிங்கப்பூரில் 2023-இல் மட்டும் இப்படி நச்சுச் செயலி வழியாக நடந்த மோசடிகள் ஏறத்தாழ 1,900, இழப்பு 3.4 கோடி வெள்ளிக்கு மேல். 2024 பிப்ரவரியில் கூகுள், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து ஒரு முன்னோட்டத்தை அங்கேதான் தொடங்கியது. இணையத்திலிருந்து இறக்கிய செயலி குறுஞ்செய்தியை வாசிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்டால், நிறுவும்போதே தடுத்துவிடும். அது இருந்திருந்தால் அம்மாவின் பணம் தப்பியிருக்கும். 2025 ஆகஸ்டில் அடுத்த அறிவிப்பு வந்தது. 2026 செப்டம்பர் முதல், பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில், கூகுளிடம் அடையாளத்தைப் பதிவு செய்யாதவர் எழுதிய செயலியை, சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியாது. பிறகு மற்ற நாடுகளுக்கும் வரும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அபாயம் தெரிந்தே நிறுவுகிறவர்களுக்கு ஒரு வழி விடுவதாகவும் கூகுள் சொன்னது.

அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தவன் நான். ‘சுதந்திரம்’ என்று சொல்லிப் பூட்டே வேண்டாமென்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டு அறிவிப்பும் ஒன்றில்லை. முதலாவது, ஒரு செயலி என்ன செய்கிறது என்று பார்க்கிறது. இரண்டாவது, அதை எழுதியவர் யார் என்று கேட்கிறது. 2012-இல் என் போனுக்குத் தமிழ் கொண்டுவந்த அந்த முகம் தெரியாத ஆள், தன் அடையாள அட்டையை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் நீட்டியிருப்பாரா என்று தெரியவில்லை.

இரண்டுக்கும் நடுவில் வழி இல்லாமல் இல்லை. கூகுளின் சொந்தப் பிக்சல் போன்களிலேயே அது இருக்கிறது. பூட்லோடரைத் திறக்கலாம், ஆனால் திறந்தவுடன் உள்ளே இருந்த எல்லாத் தரவும் அழியும். கேபிளும் கணினியும் வேண்டும். வாட்ஸ்அப்பில் இனிக்கப் பேசும் மோசடிக்காரனால் அம்மாவை அதைச் செய்யவைக்க முடியாது, செய்ய வைத்தாலும் திருட ஒன்றும் மிஞ்சாது. திறந்து, விரும்பிய இயங்குதளத்தை ஏற்றி, உங்கள் சொந்தச் சாவியைப் பதித்து, மறுபடி பூட்டலாம். அதே சோதனைதான் நடக்கும், நம்பும் கையொப்பம் மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தது. இப்படிப் பூட்டிய போனையும் பல வங்கிச் செயலிகள் ஏற்பதில்லை. பூட்டு பலவீனமாக இருப்பதால் அல்ல, சாவி வேறு கையில் இருப்பதால்.

பழைய போன் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பேட்டரி கொஞ்சம் உப்பிவிட்டது, எடுத்துப் போட வேண்டும். போன மாதம் அம்மாவின் புதுப் போனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். எந்த அனுமதி என்ன செய்யும், எதற்குச் ‘சரி’ சொல்லக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். தைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், அன்று நான் மூடிய வசதி எங்கே இருக்கிறது என்றார். காட்டினேன்.

“மூடியே இருக்கட்டும்,” என்றார். “ஆனா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல.”